குடும்பத்தில் ஓடுவது பங்கசா, சீனியா?

திருகோணமலை நகரை அடுத்த ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 36. ஆசிரியை. இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் வளைகுடா நாடொன்றில் வேலை செய்கிறார்; ஆண்டுக்கொரு முறை விடுமுறையில் வருவார். கடந்த 14 மாதங்களில் ஐந்து தடவை இவருக்குப் பெண்ணுறுப்பில் கடியும் எரிவும், திரைந்த பால்போல் வெள்ளைபடுதலும் வந்து போயிருக்கின்றன. ஐந்து தடவையும் பாமசியில் நிலைமையைச் சொல்லி ஒரு குளிசையும் ஒரு களிம்பும் வாங்கியிருக்கிறார். எவரும் இவரைப் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

மட்டக்களப்பில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கும் இதே தொல்லை. சலரோகக்காரியான அம்மாவுக்குக் கால் நகங்கள் மஞ்சளாகித் தடித்துவிட்டன. தம்பியின் இரண்டு மாதக் குழந்தைக்கு நாவில் வெண்படை. இவற்றையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்துப் பார்த்த வாசகி, "பங்கசு எங்கள் குடும்பத்தின் மரபணுவிலேயே இருக்கிறது" என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். உமிழ்நீரை வெளிநாட்டுக்கு அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்து தருவதாக ஒரு முகவர் சொல்கிறாராம்; கேட்கும் தொகை இவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. அதைச் செய்யலாமா? எதிர்ப்புச் சக்திக்கு என்ன சாப்பிடலாம்? 11 வயது மகளுக்கும் இது வருமா? இவை மூன்றும் வெளிப்படையாகக் கேட்ட கேள்விகள். நான்காவதைக் கேட்காமல் கேட்டிருக்கிறார்: கடைசி விடுமுறையின்போது கணவர், "இது உனக்கு எங்கிருந்து வந்தது?" என்றாராம்.

அன்புத் தங்கைக்கு,

கேட்காமல் விட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இரவில் உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று உங்கள் கையெழுத்தே சொல்கிறது.

கண்டிடா என்ற இந்தப் பங்கசுத் தொற்றை மருத்துவம் பாலியல் நோய்களின் வரிசையில் வைப்பதில்லை. உடலுறவே அறியாத பெண்களுக்கும் இது வருகிறது. பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வந்து போகிறது என்பது பாடநூல்கள் சொல்லும் கணக்கு. கணவருக்கு அறிகுறி எதுவும் இல்லாதபோது அவருக்கும் சேர்த்து மருந்து கொடுப்பதால் உங்களுக்கு மீண்டும் வருவது குறைவதில்லை. ஆகவே இந்த நோயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அவரைப் பற்றியோ உங்களைப் பற்றியோ எதையும் நிரூபிக்க முடியாது. இந்தப் பந்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். இருவரில் யாருக்காவது வேறு சந்தேகம் இருந்தால் அரச பாலியல் நோய் கிளினிக்கில் எச்.ஐ.வி. உட்படப் பரிசோதனை இலவசம். விவரம் வெளியே போகாது.

உங்கள் கலங்களுக்குள் நடப்பது

பள்ளியில் மதுவம் என்று படித்தோமே, கண்டிடா அல்பிகன்ஸ் அந்த வகை. அப்ப மாவைப் புளிக்கவைக்கும் மதுவத்துக்குத் தூரத்து உறவு. வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் எத்தனையோ பேரிடம் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. நம் ஊர் மான்களை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள்ளும் பஸ் நிலையத்தின் அருகிலும் அவை தம்பாட்டில் திரிகின்றன, யாரும் தடியெடுப்பதில்லை. வேலி சரிந்த வளவுக்குள் நுழைந்து பயற்றங்கொடியை மேயும்போதுதான் வீட்டுக்காரர் எழும்புகிறார். எனவே பங்கசு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் பயன் குறைவு. கூடவே இருந்தது இப்போது ஏன் மேய்கிறது என்று கேட்க வேண்டும்.

உருண்டை வடிவில் இருக்கும்வரை உங்கள் மேற்பரப்புக் கலங்கள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. அதன் சுவரில் பீட்டா குளுக்கன் என்றொரு பொருள் உண்டு. கலத்தின் வாங்கிகள் அதைத் தொட்டறிகின்றன. உள்ளே சிறிய சமிக்ஞை ஒன்று போய் அடங்கிவிடுகிறது. சூழல் வாய்த்தால் அந்த உருண்டை நீண்டு இழையாகிறது. கலத்தின்மேல் ஊன்றி வளரும் இழை, 31 அமினோ அமிலங்களால் ஆன ஒரு நச்சைச் சுரக்கிறது. கண்டிடலைசின் என்பது அதன் பெயர். லண்டன் கிங்ஸ் கல்லூரி, ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் முதலானோர் சேர்ந்து 2016 இல்தான் அதை வெளிப்படுத்தினார்கள். நூறாண்டுக்கு மேலாக அறிந்த ஒரு பங்கசின் ஆயுதம் அவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது! அது கலத்தின் மென்சவ்வில் துளையிடுகிறது. துளை விழுந்ததும் அந்தக் கலத்தின் கருவுக்குள் மரபணுக்கள் விழிக்கின்றன.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மரபணு என்றால் பிறக்கும்போதே தலையில் எழுதி வந்தது என்ற பொருளில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மனிதக் கலத்தில் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. எல்லாமே எந்நேரமும் வேலை செய்வதில்லை; தேவைக்கேற்பத் திறக்கின்றன, மூடுகின்றன. இழை தைத்த சில மணி நேரத்துக்குள், அதுவரை அடங்கிக் கிடந்தவை பல திறந்துகொள்கின்றன. சில, பங்கசைக் கொல்லும் டிபென்சின் என்ற சிறு புரதங்களை ஆக்குகின்றன. வேறு சில, இன்டர்லியூக்கின் என்ற தூதுப் புரதங்களை அனுப்புகின்றன. அவற்றுள் 8 ஆம் எண்ணுடையது குருதியிலிருந்து நியூட்ரோபில் என்ற வெண்கலங்களைக் கூவி அழைக்கும். உருண்டைக்கு மௌனம், இழைக்குக் கூக்குரல்: குடியிருப்பவனையும் கொள்ளையடிப்பவனையும் உங்கள் மேற்பரப்புக் கலம் இப்படித்தான் பிரித்தறிகிறது. இது உங்களுக்கும் எனக்கும் எல்லோருக்கும் நடப்பது. குடும்பக் குறை எதுவும் தேவையில்லை.

வாய்க்குள் இந்த ஏற்பாடு செம்மையாக வேலை செய்கிறது. அங்கே 17 ஆம் எண் இன்டர்லியூக்கின் காவலை ஒழுங்குபடுத்துகிறது. சொரியாசிஸ் நோய்க்கு அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி போடுபவர்கள் சிலருக்கு வாயில் கண்டிடா வருவதும், எச்.ஐ.வி. முற்றியவர்களின் நாவில் வெண்படை படர்வதும் அதனால்தான்.

பெண்ணுறுப்பில் கதை வேறு. அமெரிக்காவில் நலமான பெண்கள் சிலர் தாமாக முன்வந்து, உயிருள்ள கண்டிடாவைத் தம் உடலில் இட அனுமதித்தார்கள். 2004 இல் வெளியான அந்த ஆய்வின் முடிவைப் படித்தபோது நானே இருமுறை சரிபார்த்தேன். கடியும் எரிவும் வந்தவர்களிடம் நியூட்ரோபில்கள் திரண்டிருந்தன. பங்கசு இருந்தும் எதையும் உணராதவர்களிடம் அந்தத் திரளல் இல்லை. அதாவது, இது காவலுக்கு ஆளில்லாததால் வந்த நோயல்ல. காவலர்கள் கூட்டமாக வந்து, பங்கசையும் ஒழுங்காகக் கொல்லாமல், வீட்டுச் சாமான்களை உடைத்ததே உங்களுக்குக் கடியாகவும் வீக்கமாகவும் தெரிகிறது.

ஆகவே, "எனக்கு எதிர்ப்புச் சக்தி போதாது" என்ற உங்கள் ஊகம் பெரும்பாலும் தவறு. நெல்லிக்காய்ச் சாறும் வல்லாரைச் சம்பலும் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் விலையுயர்ந்த தூள்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நீங்கள் பூசும் களிம்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதி அனுப்பிய உட்பொருள் பட்டியலின்படி அது பங்கசு மருந்து, பற்றீரியா மருந்து, வலுவான ஸ்டீரொயிட் மூன்றும் கலந்தது. ஸ்டீரொயிட் செய்வது, மேலே சொன்ன கூக்குரலை அமுக்குவது. காவலாளியின் வாயைக் கட்டினால் தெரு அமைதியாகத்தான் இருக்கும். இரண்டு நாளில் சுகம் என்கிறீர்கள், மூன்று வாரத்தில் மறுபடி என்கிறீர்கள், நான் வியக்கவில்லை. நாள்கணக்கில் பூசினால் அங்குள்ள தோலும் மெலிந்து, அதுவே எரிவைத் தரும்.

மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டலாமா?

உங்கள் ஊகம் அடியோடு பிழை என்று தள்ளமாட்டேன். 2009 இல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தைப் பற்றிய ஆய்வு வந்தது. அந்தக் குடும்பத்தின் நான்கு பெண்களுக்கு மீண்டும் மீண்டும் பெண்ணுறுப்பில் கண்டிடாவோ நகப் பங்கசோ வந்துகொண்டிருந்தது. பீட்டா குளுக்கனைத் தொட்டறியும் வாங்கிகளுள் ஒன்றான டெக்டின் 1 அவர்களிடம் முழுமையாக உருவாகாமல் முன்கூட்டியே நின்றுபோயிருந்தது. மரபணுவில் ஓர் எழுத்து மாறியதுதான் காரணம். அதே ஆண்டில் ஈரானியக் குடும்பமொன்றில் கார்ட் 9 என்ற மரபணுவின் குறை தெரியவந்தது. அது இதைவிடக் கடுமையானது. 2011 இல் ஸ்டாட் 1 மரபணுவிலும், 17 ஆம் எண் இன்டர்லியூக்கினோடு தொடர்புடைய மரபணுக்களிலும் குறைகள் கண்டறியப்பட்டன. பங்கசுக்கு உடல் தரும் பதிலில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதில் இப்போது ஐயமில்லை.

ஆனால் அந்த நெதர்லாந்துக் கதையின் மறுபாதியையும் கேளுங்கள். டெக்டின் 1 குறையின் ஒரு பிரதியை, அதாவது தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்ததை, சுமப்பவர்கள் ஐரோப்பியரிடையே அரிதல்ல. அவர்களில் பெரும்பாலோர் ஒரு தொல்லையுமில்லாமல் வாழ்கிறார்கள். குறை இருந்த அந்தப் பெண்களிடமும் பங்கசை விழுங்கிக் கொல்லும் வேலை வழக்கம்போலவே நடந்தது. எனவே முகவர் அனுப்பும் தாளில் "மாற்றம் உண்டு" என்று வந்தாலும் உங்களுக்குத் தரும் மருந்து மாறப்போவதில்லை. "இல்லை" என்று வந்தாலும் கடி நிற்கப்போவதில்லை. இரண்டு விடைக்கும் ஒரே சிகிச்சை என்றால் அந்தக் கேள்விக்கு ஏன் ஒரு மாதச் சம்பளம்? கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

பரிசோதிக்க வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். சிறு வயதிலிருந்தே வாய், தோல், நகம் மூன்றிலும் விடாமல் பங்கசு, அத்தோடு அடிக்கடி நியூமோனியாவோ சீழ்க்கட்டிகளோ, அல்லது கல்சியம் குறைவு, அதிரினல் சுரப்பிக் கோளாறு போன்றவை சேர்ந்திருந்தால் நானே வற்புறுத்துவேன். அதற்கும் வழி முகவரல்ல. அரச வைத்தியசாலையின் மருத்துவ நிபுணர் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவுக்கு அனுப்பி வைப்பார். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கைக்குழந்தையின் நாவில் வெண்படை வெகு சாதாரணம். அதைக் குடும்பக் கணக்கில் சேர்க்காதீர்கள். அம்மாவின் நகத்தில் இருப்பது பெரும்பாலும் கண்டிடாவே அல்லாத வேறொரு பங்கசாக இருக்கும்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி

உங்கள் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது நானும் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். "சின்னவன் வயிற்றில் இருந்தபோது சீனி கூடியிருந்தது, பிறந்த பிறகு சரியாகிவிட்டது" என்று வேறு எதையோ சொல்லும்போது போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சின்னவனுக்கு இப்போது ஏழு வயது. அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு தடவையாவது சீனி பார்த்ததாக எங்கும் இல்லை.

கர்ப்ப காலத்தில் சீனி கூடிய பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. உங்கள் அம்மா ஏற்கெனவே சலரோகக்காரி. அக்காவின் சீனி பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, கேட்டுப் பாருங்கள். குருதியில் சீனி ஏறியிருந்தால் மேற்பரப்பில் கசியும் நீரிலும் ஏறும். கண்டிடாவுக்கு அது விருந்து. நியூட்ரோபில்களின் கொல்லும் திறனும் மந்தமாகும். நீரிழிவுக்காரருக்குக் கால் நகப் பங்கசும் கூடுதலாக வருகிறது. சிறுநீரோடு சீனியை வெளியேற்றும் எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் போன்ற குளிசைகளை எடுப்பவர்களுக்கு இந்தத் தொற்று இன்னும் கூடும். அம்மாவின் மருந்துப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

நீங்கள் கோத்த கயிறு சரி, தங்கச்சி. அம்மாவின் நகம், அக்காவின் தொல்லை, உங்கள் தொல்லை மூன்றையும் கோக்கும் நூல் பங்கசு மரபணு என்று எண்ணினீர்கள். அது சீனியாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அடிக்கடி கண்டிடா வரும் பெண்கள் பலருக்குச் சீனி சரியாகவே இருக்கிறது. இருந்தாலும் சில நூறு ரூபாயில், பல இடங்களில் இலவசமாகவே, விடை தெரியும் கேள்வியை விட்டுவிட்டு உமிழ்நீரைக் கடல் கடத்துவானேன்?

இனி என்ன செய்யலாம்

*உண்மையில் கண்டிடாதானா?* அமெரிக்காவில் 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், "எனக்குப் பங்கசுதான்" என்று தாமே முடிவுசெய்து மருந்து வாங்கிய பெண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கே கண்டிடா மட்டும் இருந்தது. மற்றவர்களில் பலருக்குப் பற்றீரியாத் தொல்லை, வேறு தோல் நோய், அல்லது ஒன்றுமேயில்லை. எனவே கடி இருக்கும்போதே, களிம்பு எதுவும் பூசாமல், கிளினிக்குக்குப் போங்கள். வைத்தியர் வெள்ளைபடுதலில் ஒரு மாதிரி எடுத்து அமிலத்தன்மை பார்ப்பார், நுணுக்குக்காட்டியில் பார்க்கச் செய்வார். அதிலுள்ள பங்கசை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கவும் கேளுங்கள். கண்டிடாவின் சில இனங்கள் நீங்கள் விழுங்கும் புளுக்கொனசோலுக்கு அடங்குவதில்லை.

*சீனி.* வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும், அல்லது கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற குருதிப் பரிசோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால் நீரிழிவு. சற்றுக் கீழே நின்றாலும் கவனிக்க வேண்டும்.

*மருந்து.* ஆண்டில் மூன்று தடவை அல்லது அதற்கு மேல் வருபவர்களுக்கு ஒற்றைக் குளிசை போதாது. வழக்கமான முறை, 72 மணி நேர இடைவெளியில் மூன்று குளிசை, பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம். இதைச் சோதித்த 2004 ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில் ஆறு மாத முடிவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தொல்லையின்றி இருந்தார்கள். மருந்தை நிறுத்தி இன்னும் ஆறு மாதம் சென்றபோது நாற்பத்து மூன்று பேரே. முழுச் சுகம் என்று உங்களுக்கு வாக்குத் தர என்னால் முடியாது. நீண்ட நிம்மதி என்று சொல்லலாம். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கக்கூடும் என்றாலோ இந்தக் குளிசை வேண்டாம்; அப்போது உள்ளே வைக்கும் மருந்து ஏழு நாளுக்குத் தருவார்கள். ஈரல் நோய், குருதி உறையாமலிருக்கும் மருந்து, கொலஸ்டரோல் மருந்து எதுவும் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

*கழுவுதல்.* கிருமிநாசினி கலந்த தண்ணீரால் கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். அது உங்களுக்கு நன்மை செய்யும் பற்றீரியாக்களைத்தான் முதலில் கொல்லும். வெறும் தண்ணீர் போதும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழு வெள்ளிக்கிழமை குளித்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஏழு கிணற்றிலும் குளிப்பது எனக்கும் பிடிக்கும். அதனால் கெடுதி இல்லை, கண்டிடாவும் கவலைப்படாது. வீடு வந்ததும் ஈரத் துணியை மாற்றிவிடுங்கள்.

காய்ச்சல், அடிவயிற்று வலி, கெட்ட நாற்றம், கொப்புளம், மாதவிடாய் அல்லாத இரத்தம் என்று ஏதாவது சேர்ந்தால் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்; அன்றே போங்கள்.

மகளைப் பற்றி. பங்கசு இழையாகிப் படர்வதற்கு ஈஸ்திரோஜன் ஓமோன் துணை செய்கிறது. பூப்பெய்தாத பிள்ளைக்கு இந்தத் தொற்று அரிது. அவள் எப்போதாவது அந்த இடத்தில் கடிக்கிறது என்றால் கீரிப்பூச்சியா, சவர்க்காரமா, இறுக்கமான உடுப்பா என்று பாருங்கள். உங்கள் களிம்பை அவளுக்குப் பூசிவிடாதீர்கள். அவளுடைய உமிழ்நீரை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவளுக்கு நீங்கள் பரம்பரையாகக் கொடுக்கக்கூடியது பங்கசைவிடச் சீனியாகவே இருக்கும் என்பதால், தேநீரில் போடும் சீனியையும் பின்னேரத்து ஓட்ட விளையாட்டையும் வீட்டில் எல்லோருமாகக் கவனியுங்கள்.

போக வேண்டிய இடம் தொலைவில் இல்லை. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்காக சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் கிளினிக்கில் சீனி, இரத்த அழுத்தம், மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாள் சொல்வார். உங்கள் பிள்ளைகளுக்கு நிறை பார்த்தவர்தானே, வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கிருந்து பொது வைத்தியசாலைக்கு அனுப்பும் கடிதமும் கிடைக்கும். பரிசோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்றால், அந்த வரிசையில் இருக்கும் பாதிப் பேருக்கு உங்களைப் போன்ற கதைதான்.

பாதி தீர்ந்த அந்தக் களிம்புக் குழாயைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரின் மேசையில் வையுங்கள். நான் இவ்வளவு நீளமாக எழுதியதில் பாதி, அதைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிடும்.